விண்ணப்பிக்கும் முன் விசாரித்தவை

முதல் முறை எம்பிஏவுக்கு விண்ணப்பித்த ஆண்டில் எனக்கு ஒரே ஒரு மேலாண்மைப் பள்ளியிலிருந்துதான் நேர்காணல் அழைப்பு வந்தது. காணொளி வழியாக நடந்த அந்த நேர்காணலின் நடுவில், தங்கள் பள்ளியில் எந்தப் பாடத்தைப் படிக்க ஆவலாக இருக்கிறீர்கள் என்று சேர்க்கை அலுவலர் கேட்டார். கட்டுரையில் பெயர் குறிப்பிட்டு எழுதியிருந்த பாடத்தையே தயங்காமல் சொன்னேன். அவர் ஒரு கணம் திரையிலிருந்து பார்வையை விலக்கிக்கொண்டார். பிறகு, அந்தப் பாடத்தை நடத்திய பேராசிரியர் வேறு பல்கலைக்கழகத்துக்குச் சென்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன என்றும், அதன் பின் அந்தப் பாடம் நடக்கவில்லை என்றும் மிகவும் தன்மையாகச் சொன்னார். கொஞ்சம் கடுமையாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த ஆண்டு எட்டுப் பள்ளிகளுக்கு விண்ணப்பித்திருந்தேன். எட்டிலும் இடம் கிடைக்கவில்லை. மறுப்பு மடல்கள் எல்லாம் வந்து சேர்ந்த பிறகு, 'ஏன் இந்தப் பள்ளி?' என்ற கேள்விக்கு நான் எழுதியிருந்த எட்டுப் பத்திகளையும் ஒன்றாக வைத்துப் படித்துப் பார்த்தேன். பள்ளியின் பெயரை மறைத்துவிட்டால் எந்தப் பத்தி எந்தப் பள்ளிக்கு எழுதியது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஒத்துழைப்பு மிகுந்த சூழல், உலகு தழுவிய பார்வை, விரிந்து பரந்த முன்னாள் மாணவர் வட்டம் என்று அவர்கள் தங்கள் கையேட்டில் அச்சிட்டிருந்ததையே எடுத்து அவர்களுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அடுத்த ஆண்டு வேறு விதமாகத் தொடங்கினேன். பல பள்ளிகளில் முதல் சுற்று விண்ணப்பங்களுக்கான கெடு செப்டம்பரிலும் இரண்டாம் சுற்றுக்கான கெடு ஜனவரித் தொடக்கத்திலும் வரும். செப்டம்பரை மனத்தில் வைத்து ஜனவரியிலேயே விசாரிக்கத் தொடங்கி, எட்டு மாதங்களில் 23 பேருடன் பேசி, கடைசியில் நான்கு பள்ளிகளுக்கு மட்டும் விண்ணப்பித்தேன். அந்த எட்டு மாதங்களில் தெரிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன்.

பள்ளிகளைப் பற்றி விசாரிப்பதற்கு முன்பாக என்னைப் பற்றி ஒன்றைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. ஆறு ஆண்டுகள் தொழிற்சாலை ஒன்றில் உற்பத்தித் திட்டமிடல் பணியில் இருந்த நான், மருத்துவக் கருவிகள் தயாரிக்கும் நிறுவனங்களில், எந்தக் கருவியை யாருக்காக உருவாக்குவது என்று தீர்மானிக்கும் தயாரிப்பு மேலாண்மைக்கு மாற விரும்பினேன். இந்த ஒரு வரி தெளிவானதும் பல கேள்விகளுக்குத் தாமாகவே விடை கிடைத்தது. படிப்பின் கால அளவு அவற்றுள் முதன்மையானது. பிரான்சின் ஃபோன்டென்ப்ளோவிலும் சிங்கப்பூரிலும் வளாகங்கள் கொண்ட இன்சியாட் பள்ளியின் எம்பிஏ பத்து மாதங்களில் முடிந்துவிடும். லண்டன் பிசினஸ் ஸ்கூலில் 15, 18, 21 மாதங்களில் எப்போது முடிப்பது என்பதை மாணவரே தேர்ந்துகொள்ளலாம். அமெரிக்கப் பள்ளிகளின் வழக்கமான எம்பிஏ இரண்டு ஆண்டுகள் நடக்கும். இடையில் வரும் கோடை விடுமுறை இன்டர்ன்ஷிப் எனப்படும் குறுகிய காலப் பயிற்சி வேலைக்கு உரியது. இருக்கும் துறையிலேயே மேலே செல்ல நினைப்பவருக்குக் குறுகிய படிப்பு பணத்தையும் காலத்தையும் மிச்சப்படுத்தும். என்னைப்போல் துறை மாற நினைப்பவர்களை எந்த நிறுவனமும் நேரடியாக முழுநேர வேலைக்கு எடுக்கத் தயங்கும். கோடைக்காலத்தில் பத்து வாரம் வேலை செய்து காட்டுவதுதான் அவர்களுக்குள்ள வாசல். இன்சியாடிலும்கூட ஜனவரியில் சேர்வோருக்குக் கோடையில் அந்த இடைவெளி உண்டு, ஆண்டின் பிற்பகுதியில் சேர்வோருக்கு இல்லை என்பதை, அங்கே படித்த ஒருவருடன் பேசிய பிறகுதான் கவனித்தேன். வலைத்தளத்தில் அது வெளிப்படையாகவே இருந்தது. அதைத் தேட வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

தரவரிசைகளைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை, ஆனால் எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குகிறோம் என்பதால் சொல்லாமலும் இருக்க முடியாது. 1999 முதல் வெளிவரும் ஃபைனான்ஷியல் டைம்ஸ் நாளிதழின் பட்டியல், படித்து முடித்து மூன்று ஆண்டுகள் ஆனவர்களிடம் அவர்களுடைய ஊதியத்தைக் கேட்டு, அந்தந்த நாட்டின் வாங்கும் திறனுக்கு ஏற்ப அதைச் சரிசெய்து கணக்கிடுகிறது. அமெரிக்க ஊடக நிறுவனமான யு.எஸ். நியூஸின் பட்டியலோ படிப்பு முடிந்தவுடன் கிடைக்கும் வேலைக்கும் ஊதியத்துக்கும் அதிக எடை தருகிறது. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்கின்றன. ஒரே பள்ளி ஒன்றில் மேலேயும் மற்றொன்றில் கீழேயும் இருப்பதில் வியப்பில்லை. தரவுகளைத் தருவது பெரும்பாலும் பள்ளிகளே என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். டெம்பிள் பல்கலைக்கழகத்தின் ஃபாக்ஸ் மேலாண்மைப் பள்ளியின் இணையவழி எம்பிஏ, யு.எஸ். நியூஸ் பட்டியலில் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து முதலிடத்தில் இருந்தது. அதற்காக அளிக்கப்பட்ட தரவுகள் பொய்யானவை என்பது 2018இல் வெளியே வந்து, பள்ளியின் முன்னாள் முதல்வருக்கு 2022இல் 14 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நான் தரவரிசையை ஒரே ஒரு வேலைக்குத்தான் பயன்படுத்தினேன்: விசாரிக்க வேண்டிய இருபது பெயர்களை அதிலிருந்து எடுத்துக்கொண்டு, எண்களை விட்டுவிட்டேன்.

உண்மையில் நேரம் செலவிட வேண்டிய ஆவணம் ஒவ்வொரு பள்ளியும் ஆண்டுதோறும் வெளியிடும் வேலைவாய்ப்பு அறிக்கை. பதினைந்து இருபது பக்கங்கள்தான் இருக்கும். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் உள்ள விழுக்காட்டைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம். விஷயம் எல்லாம் உள்ளே, சின்ன எழுத்து அடிக்குறிப்புகளில் இருக்கிறது. நூறு பேர் படித்த ஒரு வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் அனுப்பிப் படித்தவர்கள், சொந்தத் தொழில் தொடங்குபவர்கள், வேலை தேடுவதைத் தள்ளிவைத்தவர்கள் என்று முப்பது பேரைக் கணக்கிலிருந்து விலக்கிவிடுவார்கள். மீதமுள்ள எழுபது பேரில் 63 பேருக்கு மூன்று மாதங்களுக்குள் வேலை உறுதியானால், அறிக்கையில் 90 விழுக்காடு என்று வரும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, முறைப்படியான கணக்குதான். ஆனால் வேலை தேடாதவர்கள் என்ற வரிசை ஒரு பள்ளியில் பத்தாகவும் இன்னொரு பள்ளியில் முப்பதாகவும் இருந்தால், அது ஏன் என்று கேட்கத் தோன்ற வேண்டும். ஊதியத்தில் சராசரியைவிட இடைநிலையை, அதாவது எல்லோருடைய ஊதியத்தையும் வரிசைப்படுத்தினால் நட்டநடுவில் வரும் தொகையை, பார்ப்பது நல்லது. பெரும் தொகை வாங்கும் இரண்டு மூன்று பேர் சராசரியை மேலே இழுத்துவிடுவார்கள். சேரும்போது தரப்படும் ஊக்கத்தொகையின் அளவு, அதைப் பெற்றவர்களை மட்டும் வைத்துக் கணக்கிடப்படுவது. வேலை பள்ளியின் வழியாகக் கிடைத்ததா, மாணவர் தாமாகத் தேடிக்கொண்டதா என்றும் பல அறிக்கைகளில் ஓர் அட்டவணை இருக்கும். எனக்கு மிகவும் பயன்பட்டது அதுதான்.

இப்படி ஒரு பள்ளியின் அறிக்கையைப் படித்துக்கொண்டிருந்தபோது, 'ஹெல்த்கேர்' என்ற துறைக்கு எதிரே ஆறு விழுக்காடு என்று இருந்தது. அந்த ஆறு விழுக்காட்டில் மருத்துவமனை நிர்வாகத்துக்குப் போனவர்கள் எத்தனை பேர், மருந்து நிறுவனங்களுக்குப் போனவர்கள் எத்தனை பேர், நான் நாடும் கருவித் தயாரிப்புக்குப் போனவர் ஒருவராவது உண்டா என்பது அறிக்கையில் இல்லை. அதுதான் எனக்குக் கிடைத்த முதல் நல்ல கேள்வி. வலைத்தளத்தில் விடை இருக்கும் கேள்வியைக் கேட்டால் எதிரில் இருப்பவர் வலைத்தளத்தையே திரும்பச் சொல்வார். வேறு என்ன செய்வார்? விடை எங்கும் எழுதப்படாத கேள்வி கையில் இருந்தால்தான் ஒருவருடைய அரைமணி நேரத்தைக் கேட்பதற்கு எனக்கு உரிமை இருக்கிறது என்று அன்று முதல் வைத்துக்கொண்டேன்.

பேசுவதற்கு ஆட்களைத் தேடுவது நினைத்ததைவிட எளிதாக இருந்தது. பள்ளிகளில் உள்ள மாணவர் மன்றங்கள், அவற்றின் பொறுப்பாளர்களுடைய பெயர்களைத் தங்கள் பக்கங்களில் வெளியிடுகின்றன. லிங்க்ட்இனில் பள்ளியின் பக்கத்துக்குச் சென்று, முன்னாள் மாணவர்களை அவர்கள் வேலை செய்யும் நிறுவனத்தின் பெயரால் வடிகட்டலாம். கடினமாக இருந்தது மடல் எழுதுவதுதான். நான் முதலில் அனுப்பிய மடலில், என் படிப்பு, என் வேலை, என் கனவு என்று மூன்று பத்திகள் போன பிறகு, 'உங்கள் பள்ளி அனுபவத்தைப் பற்றிப் பேச நேரம் ஒதுக்க முடியுமா?' என்று கேட்டிருந்தேன். பன்னிரண்டு பேருக்கு அனுப்பியதில் இரண்டு பேர்தான் பதில் எழுதினார்கள். அவர்களில் ஒருவர், தம்மிடம் என்ன கேட்க விரும்புகிறேன் என்று தமக்குப் புரியவில்லை என்று எழுதியிருந்தார். பிறகு மடலை ஐந்து வரிகளுக்குச் சுருக்கினேன். நான் யார் என்று ஒரு வரி. அவரை ஏன் தேர்ந்தேன் என்று ஒரு வரி. 'நீங்கள் உற்பத்தித் துறையிலிருந்து மருத்துவக் கருவித் துறைக்கு மாறியிருக்கிறீர்கள். முதல் ஆண்டுக் கோடையில் உங்களை நேர்காணலுக்கு அழைத்த நிறுவனங்கள் வளாகத்துக்கு வந்தவையா, நீங்களாகத் தேடிச் சென்றவையா?' என்று ஒரு கேள்வி. இருபது நிமிடம் போதும், எழுத்தில் பதில் தந்தாலும் சரி என்று இரண்டு வரிகள். இந்த மடலுக்குப் பாதிக்கு மேற்பட்டவர்கள் பதில் எழுதினார்கள். சிலர் தாமாகவே தொலைபேசி எண்ணையும் தந்தார்கள்.

காலம் பார்த்து எழுதுவதும் முக்கியம். இரண்டு ஆண்டுப் படிப்புகளில் முதலாண்டு மாணவர்கள் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் இன்டர்ன்ஷிப் நேர்காணல்களில் மூழ்கியிருப்பார்கள். அப்போது மடல் அனுப்பினால் அது அடியில் போய்விடும். இரண்டாம் ஆண்டு மாணவர்களில் பெரும்பாலோருக்கு அந்த நேரத்தில் வேலை உறுதியாகியிருக்கும். இளவேனில் பருவத்தில் அவர்களைப்போல் ஓய்வாகவும் ஒளிவுமறைவின்றியும் பேசுபவர்கள் கிடையாது. முன்னாள் மாணவர்களிடம் பேசும்போது மட்டும், அவர்கள் படித்த ஆண்டைக் கேட்டுக்கொள்வது நல்லது. பத்து ஆண்டுகளுக்கு முன் படித்தவர் சொல்வது அவருடைய பள்ளியைப் பற்றி, இப்போது நான் சேரப்போகும் பள்ளியைப் பற்றி அன்று. எனக்கு நேர்காணலில் நேர்ந்த அவமானத்துக்கும் அப்படி ஒரு பழைய மாணவருடைய பரிந்துரையே காரணம். அவர் மீது தவறில்லை, சரிபார்க்காதது என் தவறு.

அந்த 23 உரையாடல்களில் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பட்டியல்களில் மிக உயரத்தில் உள்ள ஒரு பள்ளியின் இரண்டாம் ஆண்டு மாணவர் அவர். அண்ணா என்று அழைக்கலாமா என்று கேட்டேன், வயதைக் கூட்டாதீர்கள் என்று சிரித்தார். பள்ளியைப் பற்றி முதல் பத்து நிமிடம் நல்லவையாகவே சொல்லிக்கொண்டு வந்தவரிடம், என் துறை நிறுவனங்கள் வளாகத்துக்கு வருவதுண்டா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு நிறுவனம் வந்தது. அதுவும் போன வருஷத்தோடு நின்றுவிட்டது. எனக்கு வேலை கிடைத்தது நானாக அறுபது பேருக்கு எழுதியதால். பள்ளியின் பெயரைப் பார்த்து மடலைத் திறந்தார்கள், அவ்வளவுதான்" என்றார். என் நிலையில் இருந்தால் மறுபடி இங்கேயே வருவீர்களா என்று கேட்டேன். எதிர்முனையில் வெகுநேரம் ஓசை இல்லை; இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு, "கன்சல்டிங் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வருவேன். உங்கள் வேலைக்கு, தெரியவில்லை" என்றார். அந்தத் தெரியவில்லைக்காக அவருக்கு இன்றும் நன்றியுடையவனாக இருக்கிறேன். அந்தப் பள்ளியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். வீட்டில் யாருக்கும் இது புரியவில்லை. முதல் ஐந்துக்குள் இருக்கும் பள்ளியை எவனாவது வேண்டாம் என்பானா என்றார்கள்.

பயிற்றுமுறையைப் பற்றி எத்தனை படித்தாலும் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பதற்கு ஈடாகாது. 1908இல் தொடங்கப்பட்ட ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் கேஸ் முறைக்குப் பெயர்போனது. ஏறத்தாழ தொண்ணூறு பேர் கொண்ட பிரிவுகளில், இரண்டு ஆண்டுகளில் நிறுவனங்கள் எதிர்கொண்ட சூழல்களை விவரிக்கும் சுமார் ஐந்நூறு நிகழ்வாய்வுகளை விவாதித்துப் படிக்கிறார்கள். வகுப்பில் பேசுவதற்கு மதிப்பெண்ணில் பெரும் பங்கு உண்டு. இதற்கு நேர் எதிராக, சிகாகோவின் பூத் பள்ளியில் எல்லோரும் கட்டாயம் படிக்க வேண்டிய பாடம் தலைமைப் பண்பு பற்றிய ஒன்றே ஒன்றுதான். மற்றவற்றை அவரவர் பின்னணிக்கு ஏற்பத் தேர்ந்துகொள்ளலாம். எது சிறந்தது என்ற கேள்விக்குப் பொருளில்லை. நான் பார்வையாளராக அமர்ந்த ஒரு வகுப்பில், ஒவ்வொரு மாணவர் முன்னும் பெயர் அட்டை இருந்தது. கடைசி வரிசையில் ஒருவர் யார் யார் பேசினார்கள் என்று தாளில் குறித்துக்கொண்டிருந்தார். ஒருவர் பேசி முடிப்பதற்குள் பத்துக் கைகள் பாதி உயர்ந்திருந்தன. எண்பது நிமிடங்களில், நான் மாணவனாக இருந்திருந்தால் எங்கே வாய் திறந்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். சொல்ல நினைத்தது மனத்தில் உருவாகி வருவதற்குள் விவாதம் இரண்டு திருப்பங்கள் கடந்துவிடுகிறது. அது எனக்குப் பயிற்சியாக அமையும் என்று சிலர் சொன்னார்கள். இரண்டு ஆண்டுக் கடனை வைத்துக்கொண்டு அந்தப் பயிற்சியை மேற்கொள்ள எனக்குத் துணிவில்லை. நேரில் செல்ல இயலாதவர்களுக்காகப் பல பள்ளிகள் மாதிரி வகுப்புகளை இணையவழியில் நடத்துகின்றன. பக்கத்தில் இருப்பவரின் படபடப்பு அதில் தெரியாது. இல்லாததற்கு அது பரவாயில்லை.

சேர்க்கை அலுவலர்களிடம் கேட்க வேண்டியவை வேறு. பாடங்களின் நுணுக்கமோ வேலைத் தேடலின் வலியோ அவர்களுடைய அன்றாடம் அல்ல. விதிகள்தான் அவர்களுடைய அன்றாடம். மறுமுறை விண்ணப்பிப்பவர் முந்தைய ஆண்டிலிருந்து மாறியவற்றை எங்கே எழுத வேண்டும், நேரடி மேலாளரிடம் பரிந்துரை கேட்க முடியாத நிலையில் வேறு யாரிடம் கேட்கலாம், பிணையாளர் இல்லாமல் கல்விக்கடன் கிடைக்க ஏற்பாடு உண்டா, விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய வழி உண்டா ஆகியவற்றை அவர்களிடமே கேட்க வேண்டும். கேட்டவற்றுக்கெல்லாம் எனக்கு ஓரிரு நாளில் தெளிவான பதில் வந்தது. எம்பிஏ கண்காட்சிகளில் அவர்களைச் சுற்றி நிற்கும் கூட்டமோ, நுழைவுத் தேர்வான ஜிமேட்டில் எத்தனை மதிப்பெண் வேண்டும் என்ற ஒரே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருக்கும். அதற்கான விடை வகுப்பு விவரப் பக்கத்திலேயே இருக்கிறது. அதைப் படிக்கும்போது ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: இப்போதைய ஜிமேட்டின் அளவுகோல் 205 முதல் 805 வரை, மதிப்பெண்கள் எல்லாம் 5இல் முடியும். 200 முதல் 800 வரையிலான பழைய அளவுகோலில் பெற்ற சராசரியோடு இதை நேருக்கு நேர் ஒப்பிட்டு மனம் தளர வேண்டாம். தேர்வு எழுதியவர்களில் எத்தனை விழுக்காட்டினரைவிட மேலே இருக்கிறோம் என்று காட்டும் சதமான வரிசையைத்தான் ஒப்பிட வேண்டும்.

ஒவ்வோர் உரையாடல் முடிந்ததும் அதே நாளில் குறிப்பு எழுதிவிடுவேன். யார், எந்த ஆண்டு மாணவர், என்ன சொன்னார் என்பவற்றோடு, வேறு ஒருவரிடம் சரிபார்க்க வேண்டியது என்று ஒரு தனிப் பத்தியும் வைத்திருந்தேன். இரண்டு பேர் முரணாகச் சொல்லும் இடங்களில்தான் பள்ளி கண்ணுக்குப் புலப்படத் தொடங்கியது. ஒரு பள்ளியின் மருத்துவத் துறை மன்றம் மிகச் சுறுசுறுப்பானது என்று ஒருவரும், பெயரளவுக்குத்தான் இருக்கிறது என்று மற்றொருவரும் சொன்னார்கள். மூன்றாமவரிடம் கேட்டபோது, முந்தைய ஆண்டுப் பொறுப்பாளர்கள் படித்து முடித்துச் சென்றதும் மன்றம் தளர்ந்துவிட்டது, இந்த ஆண்டு யாராவது எடுத்து நடத்த வேண்டும் என்று விளக்கினார். கட்டுரையில் நான் எழுதியது அதைத்தான்: அந்த மன்றத்தை எடுத்து நடத்த எனக்கு என்ன தகுதி இருக்கிறது, முதல் பருவத்தில் எந்த இரண்டு நிறுவனங்களை அழைத்து வருவேன் என்று. பேசியவர்களின் பெயர்களை வரிசையாக அடுக்கிக் காட்டவில்லை; அப்படிச் செய்வது சிபாரிசுக் கடிதம் காட்டுவதுபோல் இருக்கும்.

பட்டியலில் தொடக்கத்தில் இல்லாத ஒரு பள்ளி இப்படி உள்ளே வந்தது. வகுப்பு சிறியது, தரவரிசையில் நடுவில் இருப்பது. ஆனால் அங்கே பொறியியல், மருத்துவ மாணவர்களோடு சேர்ந்து ஒரு கருவியின் மாதிரியை உருவாக்கும் பாடம் ஒன்று இருப்பதாகக் கருவி நிறுவனம் ஒன்றில் வேலை செய்பவர் சொன்னார். இந்த முறை, பாடம் நடக்கிறதா என்று நடப்பு மாணவர் இருவரிடம் கேட்டேன். நடக்கிறது, ஆனால் இடம் கிடைப்பது கடினம், பாடங்களில் இடம் பிடிக்க ஏலம் கேட்பதற்காக மாணவர்களுக்குத் தரப்படும் புள்ளிகளில் பாதியை அதற்கே செலவழிக்க வேண்டியிருக்கும் என்றார்கள். அங்கே வந்த நேர்காணலில் எந்தப் பாடம் என்ற கேள்வி வந்தபோது, பாடத்தின் பெயரைச் சொல்லிவிட்டு, முதல் பருவ ஏலத்தில் அதற்கு எத்தனை புள்ளி போகும் என்று கேள்விப்பட்டதையும், கிடைக்காவிட்டால் எதை எடுப்பேன் என்பதையும் சொன்னேன். அலுவலர் எதையோ குறித்துக்கொண்டார். நல்லதா கெட்டதா என்று முகத்தில் தெரியவில்லை.

இடம் கிடைத்த செய்தி வந்த வாரத்தில் 23 பேருக்கும் தனித்தனியாக எழுதினேன். எல்லோரும் வாழ்த்தினார்கள். தெரியவில்லை என்று சொன்ன அந்த இரண்டாம் ஆண்டு மாணவருக்கு எழுதுவதற்கு மட்டும் கொஞ்சம் தயங்கினேன்; அவருடைய பள்ளிக்கு நான் விண்ணப்பிக்கவே இல்லை என்பதைச் சொல்லாமல் நன்றி சொல்ல முடியாது. சொல்லியே எழுதினேன். மறுநாள் பதில் வந்தது. தம் தம்பியும் அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கப்போவதாகவும், அவனுக்கும் மருத்துவக் கருவித் துறையில்தான் ஆர்வம் என்றும், நான் எடுத்து வைத்த குறிப்புகளில் பெயர்களை நீக்கிவிட்டு அனுப்ப முடியுமா என்றும் கேட்டிருந்தார்.